கிணற்றில் எட்டிலொரு பங்கு

கிணற்றுப் பங்கைக் காணி உறுதிப் பத்திரத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று சொன்ன எல்லோரும் என் நன்மையை நினைத்தே சொன்னார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் உறுதிகளை எழுதுகிற நொத்தாரிசு ஐயா சொன்னார், லண்டனிலிருந்து தம்பி சொன்னான், காணி வாங்க வந்தவரும் தன்மையாகத்தான் கேட்டார். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் அம்மாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டு, அவவுக்குப் பிறகு எனக்கு வந்த தோட்டத்தறை அது. நாலு பரப்புச் சொச்சம். உறுதியின் அட்டவணையில் பரப்பு, குளி என்ற நில அளவுக் கணக்கும் நாலு பக்க எல்லையும் முடிந்தபிறகு கடைசியில் ஒரு வரி வரும்: பக்கத்துக் காணியிலுள்ள கிணற்றில் எட்டிலொரு பங்கும், வழிவாய்க்கால் உரித்தும். பேனையின் பின்பக்கத்தால் அந்த வரியைத் தட்டிக்கொண்டு நொத்தாரிசு ஐயா கேட்டார்: "இது இனி என்னத்துக்குப் பிள்ளை? வாங்கிறவர் குழாய்க்கிணறு அடிக்கப்போறார். பைப் தண்ணியும் வரப்போகுது. விட்டிட்டு எழுதினா வில்லங்கமில்லாத உறுதி."

யோசித்துச் சொல்கிறேன் என்றுமட்டும் சொல்லி எழும்பி வந்தேன். ஆனால் அந்த வரி விடவில்லை. இங்கே நாங்கள் நாலாம் மாடியில் இருக்கிறோம். தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று பிள்ளைகளைக் கேட்டால் மொட்டைமாடியிலிருக்கும் தாங்கியைக் காட்டுவார்கள். களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள் என்பது பெரியவர்களுக்கே வெள்ளம் வந்து தண்ணீர் வெட்டுகிற நாளில்தான் ஞாபகம் வரும். யாரோடும் முறை பேசாமல் தண்ணீர் எடுக்கிற வாழ்க்கை. எட்டிலொரு பங்கு என்பது எங்களுக்கு வெறும் எழுத்துச் சம்பிரதாயமாகப் படுவதில் ஆச்சரியமில்லை. எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்த வரியை விட்டுவிட்டு மிச்ச உறுதியை வாசித்தபோது, அது நீர்வேலிக் காணியாகத் தெரியவில்லை. எங்கே வேண்டுமானாலும் இருக்கக்கூடிய நாலு பரப்பாகத்தான் தெரிந்தது.

சிவப்பும் வெளிறலும்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் கோப்பாய் கழிந்தால் நீர்வேலி. அதற்கப்பால் சிறுப்பிட்டி, புத்தூர். பஸ்சில் போகிறவருக்கு எல்லாம் ஒரே ஊர் மாதிரித்தான். வாழைத் தோட்டம் தெருவுக்குக் கிட்ட வந்தால் நீர்வேலி என்று கணக்கு. கதலி, இதரை, மொந்தன் என்று குலைகள் தெருவோரம் அடுக்கியிருப்பதைக் கண்டு இறங்குகிறவர்களும் உண்டு. நல்லூர் அரசகுலத்து அரசகேசரியின் பெயரைச் சுமக்கும் அரசகேசரிப் பிள்ளையார் கோயில் இங்கேதான் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்ற முன்னரே ஆட்கள் இருந்து கமம் செய்த மண் என்பதற்கு ஊரார் முதலில் காட்டுவது அந்தக் கோயிலைத்தான்.

தெருவை விட்டு இறங்கி நடந்தால்தான் ஊர் இரண்டாகப் பிரிவது தெரியும். மேற்கே செம்பாட்டு மண். மழைக்குப் பிறகு நடந்தால் செருப்பை விடாது. அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளின் கரையில் அந்தச் சிவப்பு எத்தனை தோய்ச்சலுக்கும் போகாமல் நின்றது. கிழக்கே போகப்போக மண் வெளிறும். தோட்டம் குறைந்து வயல் வரும், வயல் குறைந்து தரவைப் புல்வெளி வரும், அதற்கும் அப்பால் உப்பாற்றுக் கடனீரேரி. மேற்கே வாழை, வெங்காயம், புகையிலை, மரவள்ளி என்று வருடம் முழுக்க ஏதாவது நிற்கும். கிழக்கே மாரி மழையை நம்பி ஒரு போகம் நெல். சீதனப் பேச்சுகளில் "செம்பாட்டுக் காணி" என்றால் குரல் ஒருபடி ஏறும். ஆனால் அந்த மதிப்பு மண்ணின் நிறத்துக்கு மட்டும் வந்ததல்ல. இறைக்கக் கிணறு இருந்தால்தான் செம்பாடு செம்பாடு. கிணற்றுப் பங்கு இல்லாத செம்பாட்டுக் காணியை அந்தக் காலத்தில் யாரும் நல்ல சீதனம் என்று எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுந்தான் ஆறு. வருடத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழைதான் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே ஏற்கெனவே நிற்கிற கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் லேசு, உப்புநீர் கனம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியல்காரரின் கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும். மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏற வழிவிடுகிறோம். நீர்வேலிக்கு வடக்கே நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி. இராமர் அம்பு விட்டுத் தாகம் தீர்த்த இடம் என்பது கதை. நூற்றைம்பது அடிக்கு மேல் ஆழமான அந்தச் சதுரக் குழியில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பது அளந்து பார்த்த உண்மை. சின்ன வயதில் எட்டிப் பார்க்கும்போது அடியில்லாத கிணறு என்று பயம் காட்டுவார்கள். இப்போது எனக்குப் பயம் தருவது அதற்கு உப்பாக ஒரு அடி இருக்கிறது என்பதுதான்.

துலா மிதித்த கால்கள்

எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல்லை உடைத்துத் தோண்டியது. யார் காலத்தில் என்று எந்த உறுதியும் சொல்லவில்லை. எட்டுப் பங்கு. ஒரு நாளில் காலை இறைப்பு ஒருவருக்கு, பின்னேர இறைப்பு இன்னொருவருக்கு. நாலு நாளில் எட்டுப் பேருக்கும் முறை சுற்றி முடிந்து ஐந்தாம் நாள் காலை முதலாமவரிடம் திரும்பும். வெங்காயம் அந்த இடைவெளியைத் தாங்கும். முறை தவறிப்போனால் பயிர் வாடும் என்பதால் செத்தவீடு, கலியாணவீடு என்று வந்தால் முறையை மாற்றிக்கொள்வதும் கடனாகக் கொடுப்பதும் நடந்தது. அம்மம்மா ஒருவரைப் பற்றி நல்லவர் என்று சொல்ல வேறு அத்தாட்சி தேடமாட்டா. "எங்கடை முறையிலை ஒரு பட்டைத் தண்ணி எடுத்திருக்கமாட்டார்" என்பா. அதற்கு மேல் பேச்சில்லை.

துலாவைக் கண்டவர்கள் இனிக் குறைவு என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கிணற்றுக்கட்டுக்கு அருகே இரண்டு ஆடுகால். அவற்றின் நடுவே குறுக்குத் தடியில் ஊஞ்சலாடுகிற நீட்டு மரம்தான் துலா. ஒரு முனையில் கயிறும் பனையோலைப் பட்டையும், மற்ற முனையில் பாரம். துலாவின் மேலே ஒருவர், பாரம் கூடினால் இருவர், முன்னும் பின்னுமாக நடப்பார்கள். முன்னுக்கு நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னுக்கு நடந்தால் ஏறும். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்துத் தொட்டிவாயில் சரிப்பார். தோட்டத்துக்குள் மண்வெட்டியோடு ஒருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவார். விடிய முன்னமே தொடங்குவது வெயிலுக்குப் பயந்து. மேலே நடக்கிறவருக்குப் பிடிமானம் ஆடுகாலுக்கு அருகே கட்டிய ஒரு மூங்கில்தான். கால் வழுக்கினால் கிணறு.

அந்த மரத்தில் நடந்தவர்களில் பலருக்குக் கிணற்றில் பங்கு இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் பங்குக் கிணற்றின் ஒற்றுமையைப் பற்றிப் பாடிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் மிதித்து இறைத்துவிட்டு, அதே கிணற்றில் தாங்களாக ஒரு வாளி அள்ள முடியாமல், யாராவது வார்த்துவிடும்வரை தள்ளி நின்று கையேந்திக் குடித்த குடும்பங்கள் எங்கள் ஊரிலும் இருந்தன. யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் வரலாறு சாதியின் வரலாறும்தான். எட்டிலொரு பங்கு என்று எழுதிய கைக்கு மிதித்தவனின் பெயரை எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. அம்மாவின் உறுதியை நான் புனிதமாக வைத்துக் கும்பிடவில்லை என்பதற்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆனாலும் அந்த ஏற்பாட்டில் யாரும் திட்டமிடாத ஒரு அடக்கம் இருந்தது. மனிதக் காலால் இறைக்கக்கூடிய தண்ணீருக்கு ஒரு எல்லை உண்டு. கால் ஓய்ந்தால் இறைப்பு ஓயும். அடுத்தவரின் முறை வரும்வரை கிணறு ஊறும். நிலத்தடியில் உப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமலே அதை அதன் இடத்தில் நிற்கவைத்திருந்தார்கள்.

மோட்டர் வந்தபின்

1960களில் மண்ணெண்ணெய் மோட்டர் வந்தது. ஒரு காலைப்பொழுது முழுக்க மூன்று நாலு பேர் செய்த வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்தது. துலா மிதிப்பதிலிருந்து மனிதர் விடுபட்டதை யாரும் குறைசொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். பின்னாலேயே 1970இல் வந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியது. வடக்குக் கமக்காரருக்கு அது பொற்காலம். வெங்காயக் காசில் கல்வீடு, மிளகாய்க் காசில் பிள்ளைகளின் படிப்பு என்று பெரியவர்கள் இன்றும் அந்த ஏழு வருடத்தைப் பிரித்துச் சொல்வார்கள். அதற்கு முந்திய தலைமுறைக்கு இப்படிக் காசு காட்டியது திருவிதாங்கூருக்குப் போன புகையிலை. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது. ஆனால் அதற்குள் மோட்டரும் யூரியாவும் பழகிப்போயிருந்தன.

மோட்டர் வந்தபோது பங்கு மாறவில்லை, முறையும் மாறவில்லை. முறைக்குள் எடுக்கிற தண்ணீரின் அளவுதான் மாறியது. எட்டுப் பேரும் தங்கள் தங்கள் நேரத்துக்குள் நேர்மையாகவே நின்றுகொண்டு, எல்லோருமாகச் சேர்ந்து கிணற்றின் அடிவரை இறைத்தார்கள். கூடவே பாத்திக்குள் இறைத்த தண்ணீர் பசளையைக் கரைத்துக்கொண்டு செம்பாட்டுக்குள்ளால் இறங்கித் திரும்பவும் அதே கிணற்றுக்கு வந்தது. நீர்வேலி உட்பட்ட வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் பல. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. ஊரில் இப்போது தோட்டக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கமாட்டார்கள். குடிக்கப் போத்தல் வாங்குகிறார்கள்.

1990க்குப் பிறகு போர்க்காலத்து எரிபொருள் தடை. மண்ணெண்ணெய் அரிதாகி, கிடைத்ததும் யானைவிலை விற்றது. எங்கள் கிணற்றில் கழற்றிப் போட்ட துலாவைத் திரும்ப ஏற்றினார்கள். இந்தமுறை மிதித்தது பங்காளிகளே. சித்தப்பாவின் உள்ளங்கால் வெடித்திருந்ததை நான் பார்த்தேன். பிறகு 1995 ஒக்டோபர். இராணுவம் புத்தூர், நீர்வேலிப் பக்கமாக முன்னேற, 30ஆம் திகதி இரவு மழைக்குள் வலிகாமமே எழும்பிப் பக்கத்துப் பிரதேசமான தென்மராட்சிக்கு நடந்தது. வெங்காயம் பாத்தியில், வாழைக்குலை மரத்தில். அடுத்த வருடம் திரும்பியவர்கள் திரும்பினார்கள். எங்களைப்போல் கொழும்புக்கு வெளிக்கிட்டவர்கள் வெள்ளவத்தையில் தங்கினோம், மற்றவர்கள் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். எட்டுப் பங்கும் உறுதியில் பத்திரமாக இருந்தது. இறைக்கிறவர் மட்டும் ஒருவரும் இருவருமாகக் குறைந்தார்கள்.

"ஏழு பேரைத்தான் தேடவேணும்"

காணியைப் பார்க்கப் போனபோது ஆவணி வெயில். கிணறு நிற்கிற காணிக்காரர் என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் மட்டும்தான் எட்டுப் பேரில் இன்னும் தோட்டம் செய்கிறவர். மற்றவர்களின் தறைகளில் இரண்டை அவரே குத்தகைக்கு எடுத்து வாழை வைத்திருக்கிறார். ஒரு பக்கம் ஆடுகால் நின்ற அடிக்கட்டை இன்னும் இருக்கிறது, கறையான் தின்றது போக. கிணற்றுக்கட்டின் உள்விளிம்பில் கயிறு உரசி உரசித் தேய்ந்த தடம். விரலை வைத்தால் விரல் அதற்குள் அடங்கும். தண்ணீர் கீழே போய், சுவரின் கல்வெடிப்பிலிருந்து முளைத்த அரசங்கன்றின் வேர் தொங்கியது. "சேறு எடுத்துக் கனகாலம், தங்கச்சி. ஆக்கள் இல்லை" என்றார்.

விற்கிற விஷயத்தைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. யாருக்கு, என்ன விலை என்றும் கேட்கவில்லை. கிணற்றுப் பங்கை எழுதுகிறீர்களா என்றுதான் கேட்டார். இல்லை, வாங்கிறவருக்குத் தேவையில்லையாம், குழாய்க்கிணறு அடிக்கிறாராம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கிணற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நீங்கள் விடுற பங்கு என்னட்டை வராது. ஆரிட்டையும் போகாது. கிணறு துப்பரவாக்க ஏழு பேரைத்தான் தேடவேணும். தண்ணியை மட்டும் எட்டுப்பேர் எடுக்கினம்."

நான் பார்த்துக்கொண்டிருந்த இடமே அப்போது மாறியது. அதுவரை அந்த வரியை எனக்குக் கிடைத்த உரிமையாகவே வாசித்துக்கொண்டிருந்தேன். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்பதும் அதனால்தான். குழாய்க்கிணறு இறங்கப்போவது வேறு தண்ணீருக்குள் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் எங்கள் வேலி கிடையாது. அவர் தன் வளவுக்குள் துளைத்து ஒரு பெரிய மோட்டரைப் போட்டால் இழுபடுவது இந்தக் கிணற்றின் ஊற்றுந்தான். பங்கு எழுதின உறுதியோடு வாங்கினால் அவர் எட்டாவது ஆள். முறை, துப்பரவு, செலவு என்று கேட்க ஊருக்கு ஒரு வாய் இருக்கும். எழுதாமல் வாங்கினால், நிலத்தின் கீழே இருப்பதெல்லாம் தனக்கே என்று நினைக்க அவருக்கு முழு வசதி. மற்றவர்களோடு சேர்த்துத்தான் இந்த மண் பயிர்ச்செய்கைக்கு உதவும் என்று சொல்கிற ஒரே வரி அதுதான். பரப்புக்கணக்கும் எல்லையும் அதைச் சொல்வதில்லை.

சட்டம் இந்தக் காணிகளை எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறது என்பதை நினைத்தால் இது வேடிக்கைதான். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே, காணியை வெளியாருக்கு விற்க முதல் உரித்துள்ளவர்களுக்கு அறிவிக்கவேண்டும் என்று இருக்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முன்வாங்கும் உரிமையைச் சுருக்கினாலும் விட்டுவிடவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அம்மாவிடமிருந்து எனக்கு வந்த காணியை நான் விற்க என் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவர் அந்தக் காணியில் ஒருநாளும் ஒரு வாளித் தண்ணீர் வார்த்ததில்லை, பாவம். கையெழுத்து வைக்கும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. நான் சிரித்தேன், சிரிப்பு முழுதாக வரவில்லை. இவ்வளவு கையெழுத்துக்கும் நடுவில், கிணற்றுப் பங்கை விடுவதற்கு மற்ற ஏழு பேரில் ஒருவரிடமும் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பைப் தண்ணீர் வந்தால் எல்லாம் சரி என்று தம்பி சொல்கிறான். குடாநாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனவுகள் ஒன்றிரண்டல்ல. கடனீரேரிகளை நன்னீராக்கும் யோசனை ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இருக்கிறது, பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் அதை 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டமாக்கினார். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன, முழுத்திட்டம் முடியவில்லை. கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் யோசனைக்குக் கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள். அவர்கள் இடத்தில் நின்றால் நானும் மறுத்திருப்பேன். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தார்கள். குடிக்க அது நல்லது, வரட்டும். ஆனால் கடல்நீரை வடித்த தண்ணீரில் யாரும் வாழைக்கு இறைக்கப்போவதில்லை. தோட்டம் நிற்கும்வரை தோட்டத்துக்குத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளிருந்துதான்.

கொழும்புக்குத் திரும்பி நொத்தாரிசு ஐயாவிடம் அந்த வரி இருக்கட்டும் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். வாங்கிறவர்தான் இப்போது யோசிக்கிறார். பங்கு எழுதுவதென்றால் விலையில் கொஞ்சம் குறைக்கவேண்டுமாம், ஏனென்றால் பின்னுக்குப் பங்காளிகள் வந்து கரைச்சல் தருவார்களாம். அவர் சொல்வதிலும் நியாயமில்லாமலில்லை. குறைக்கச் சம்மதித்திருக்கிறேன்; தம்பிக்கு அதில் கோபம், இரண்டு கிழமையாக எடுக்கவில்லை. அண்ணையின் மகன் பங்காளிகளுக்கென்று ஒரு வட்சப் குழு தொடங்கி, சேறு எடுக்கவும் கட்டைத் திருத்தவும் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் தன் பங்கை அனுப்பிவிட்டார். ஒருவர் கும்பிடுகிற கையை மட்டும் போட்டிருக்கிறார். இறந்துபோன ஒருவரின் பங்கு அவருடைய மூன்று பிள்ளைகளில் யாருக்கு என்று இன்னும் பேச்சு நடக்கிறது. வாங்கிறவரையும் குழுவில் சேர்க்கலாமா என்று அண்ணையின் மகன் கேட்டார். கையெழுத்து விழட்டும், பிறகு சேர்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். மாரி தொடங்க முன்னம் சேறு எடுத்தாகவேண்டும்.